நறுக்காமல் சீவுங்கள்: மைக்ராஸ்கோப்புக்குத் தாவர செக்‌ஷன் எடுக்கும் முறை

செடியின் தண்டையோ இலையையோ மைக்ராஸ்கோப்பில் பார்க்க எடுக்கும் மெல்லிய சீவலைத்தான் செக்‌ஷன் என்பார்கள். தாவரவியல் செய்முறை வகுப்பில் முதல் நாள் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்வார்கள். தண்டை மேசைமேல் வைத்து, வெண்டைக்காய் நறுக்குவது போல மேலிருந்து பிளேடை அமுக்குவார்கள். வட்டமாக ஒரு வில்லை வரும், பார்க்கவும் அழகாக இருக்கும். அதை ஸ்லைடில் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நடுவில் கறுப்பாக ஒரு திட்டு, ஓரத்தில் கொஞ்சம் பச்சை, அவ்வளவுதான். புத்தகத்தில் இருக்கிற படம் எங்கே, நம் கண்ணில் படுவது எங்கே என்று சோர்ந்துபோய், பக்கத்தில் இருப்பவருடைய ஸ்லைடைப் பார்த்து வரைந்துவிட்டு வருவார்கள். நானும் முதல் இரண்டு மாதம் அப்படித்தான் வரைந்தேன்.

எனக்கு இது வந்தது எங்கள் லேபில் இருந்த உதவியாளர் ஒருவரால். எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ஒரு நாள் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "தம்பி, நீ கொட்டைப்பாக்கு உடைக்கிற. நமக்கு வேண்டியது சீவல்" என்றார். அப்புறம் என் கையிலிருந்த பிளேடை வாங்கி நனைத்து, தண்டின் மேல் ஒரு இழுப்பு இழுத்தார். பிளேடின் மேல் தண்ணீருக்குள் ஏதோ இருப்பது போலவும் இல்லாதது போலவும் தெரிந்தது. அது முழு வட்டம்கூட இல்லை, பிறை நிலா மாதிரி ஒரு துண்டு. மைக்ராஸ்கோப்பில் வைத்தபோதுதான் முதல்முறையாக ஒரு வாஸ்குலார் கற்றையை, அதாவது தண்ணீரும் உணவும் கடத்தும் குழாய்க் கட்டை, நான் உண்மையிலேயே பார்த்தேன். ஒவ்வொரு செல்லின் சுவரும் தனித்தனியாக, கோடு போட்டது போல இருந்தது. முழு வட்டம் கிடைக்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். மெல்லிய ஓரம் ஒன்று கிடைத்தால் போதும். இந்த வேலையில் பாதி அதுதான்.

ஏன் இவ்வளவு மெல்லியதாக வேண்டும் என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டால் கை தானாகவே கவனமாகிவிடும். மைக்ராஸ்கோப்பில் வெளிச்சம் கீழிருந்து பொருளை ஊடுருவி வந்து நம் கண்ணை அடைகிறது. தாவர செல்கள் பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரான் அளவுக்குள் இருக்கும். 1000 மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். 50 மைக்ரான் உயரமுள்ள செல்கள் கொண்ட திசுவில் அரை மில்லிமீட்டர் வில்லை எடுத்தால், பத்து அடுக்கு செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். பத்து கோலத்தை ஒரே வாசலில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் எது எந்தக் கோடு என்று யாருக்குத் தெரியும்? கையால் வெட்டும்போது 20 முதல் 50 மைக்ரான் வரை கொண்டுவந்துவிட்டால் நல்ல செக்‌ஷன். ஷேவிங் பிளேடின் தடிமனே சுமார் 100 மைக்ரான். அதாவது பிளேடைவிட மெல்லியதாக ஒன்றை அதே பிளேடால் எடுக்கப் போகிறோம். கேட்க மலைப்பாக இருக்கும், ஆனால் ஒரு வாரம் பழகினால் வந்துவிடும். 1665இல் ராபர்ட் ஹூக் தக்கையில் 'செல்' என்று பெயர் வைத்த அந்த அறைகளைப் பார்த்ததும் இப்படித்தான். சவரக்கத்தி போலத் தீட்டிய பேனாக்கத்தியால் தக்கையிலிருந்து மெல்லிய ஒரு சீவலை எடுத்துத்தான் பார்த்தார்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் பொருளைத் தேர்ந்தெடுப்பது. பழகுவதற்கு நான் எல்லோருக்கும் சொல்வது கிணற்றடிப்பூண்டு. வெட்டுக்காயப்பூண்டு என்றும் சொல்வார்கள், வரப்பு ஓரம், ரோட்டு ஓரம், காலி மனை எங்கும் மஞ்சள் நடுவும் வெள்ளை இதழுமாகப் பூத்துக் கிடக்கும். தண்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமன், விரலில் பிடிக்க வசதி, மிருதுவாகவும் இல்லாமல் கட்டையாகவும் இல்லாமல் நடுத்தரமாக இருக்கும். நுனிக் கொழுந்தை எடுக்காதீர்கள், அது நசுங்கிவிடும். அடித்தண்டையும் எடுக்காதீர்கள், அது முற்றியிருக்கும். நுனியிலிருந்து மூன்று நான்கு கணு தள்ளி, இரண்டு கணுக்களுக்கு நடுவில் உள்ள பகுதியை எடுங்கள். கணுவில் வெட்டினால் இலைக்குப் பிரியும் கற்றைகள் குறுக்கே ஓடி, படத்தைக் குழப்பிவிடும். பறித்தவுடன் தண்ணீரில் போட்டுவிடுங்கள். வாடின தண்டில் நல்ல செக்‌ஷன் வரவே வராது, ஏனென்றால் செல்கள் தண்ணீர் நிறைந்து விறைப்பாக இருந்தால்தான் பிளேடுக்கு எதிராக நிற்கும், வாடினால் பிளேடோடு சேர்ந்து இழுபட்டுப் போகும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. வீட்டில் சுலபமாகக் கிடைக்கிறதே என்று தண்டுக்கீரையில் ஆரம்பிப்பவர்கள் நிறைய. வெட்ட அருமையாக வரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் இருவித்திலைத் தண்டு என்றால் கற்றைகள் வளையமாக இருக்கும் என்று படித்துவிட்டு உள்ளே பார்த்தால், தண்டின் நடுவே உள்ள மிருதுவான பித் பகுதியிலும் கற்றைகள் சிதறிக் கிடக்கும். தண்டுக்கீரைக் குடும்பத்தில் பார்க்கக்கூடிய தனி அமைப்பு அது. தெரியாமல் பார்த்தால் ஒருவித்திலைத் தண்டு என்று எழுதிவைத்துவிடுவீர்கள். கிணற்றடிப்பூண்டையோ சூரியகாந்தியையோ பார்த்துப் பழகிய பிறகு தண்டுக்கீரைக்கு வாருங்கள், அப்போது அது எவ்வளவு வித்தியாசமானது என்று ரசிக்க முடியும்.

பிளேடு இரண்டு பக்கமும் கூருள்ள சாதாரண ஷேவிங் பிளேடுதான், ஆனால் புதிதாக இருக்க வேண்டும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒரு பிளேடு விலைக்காக ஒரு மதியம் முழுவதையும் வீணாக்குவதில் அர்த்தமில்லை. உறையைப் பிரிக்காமலே நீளவாக்கில் மடித்தால் இரண்டாக ஒடிந்துவிடும், கையில் படாது. அப்படி ஒடித்த பாதியைப் பிடிப்பது முழு பிளேடைப் பிடிப்பதைவிடப் பாதுகாப்பு, ஒரு பக்கம்தான் கூர் இருக்கும். புது பிளேடில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும், பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு, முதுகுப் பக்கத்திலிருந்து கூர் பக்கமாகத் துடைத்துவிடுங்கள். கூரின் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தாமல் நகர்த்திக்கொண்டே போங்கள். பத்துப் பதினைந்து இழுப்புக்குப் பிறகு, என்னதான் கவனமாகச் செய்தாலும் செக்‌ஷன் கிழிந்து கிழிந்து வருகிறது என்றால் கை மேல் பழி போடாதீர்கள், பிளேடை மாற்றுங்கள்.

இதோடு வாட்ச் கிளாஸ் இரண்டு மூன்று, மெல்லிய பெயிண்டிங் பிரஷ் ஒன்று, நீடில், ஸ்லைடு, கவர் ஸ்லிப், ப்ளாட்டிங் பேப்பர், சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம், கிளிசரின் இவ்வளவு போதும். வாட்ச் கிளாஸ் இல்லையென்றால் சின்னக் கண்ணாடிக் கிண்ணம் எதுவும் சரிதான். இன்னொன்று, இடது கை ஆட்காட்டி விரலில் ஒரு சுற்று பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு ஆரம்பியுங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள், சிரித்தாலும் பரவாயில்லை.

பிடிப்பதுதான் எல்லாம். வலது கைக்காரர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன், இடது கைக்காரர் மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத் தண்டை இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் நேர்க்குத்தாகப் பிடியுங்கள். ஆட்காட்டி விரல் மேலே, கட்டைவிரல் அதைவிட அரை சென்டிமீட்டராவது கீழே. இது அழகுக்காக இல்லை. பிளேடின் கூர் உங்களைப் பார்த்து இருக்கும், உங்கள் பக்கமாகத்தான் இழுக்கப் போகிறீர்கள், அந்தப் பாதையில் கட்டைவிரல் இருக்கக் கூடாது. தண்டின் தலை ஆட்காட்டி விரலுக்கு மேல் இரண்டு மில்லிமீட்டர் மட்டும் தெரியட்டும். அதிகம் நீட்டினால் தண்டு ஆடும், ஆடினால் ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிவு. இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள், நடுக்கம் பாதியாகக் குறையும்.

இப்போது பிளேடையும் தண்டின் தலையையும் தண்ணீரில் நன்றாக நனையுங்கள். மறக்கவே கூடாத விஷயம் இது. தண்ணீர் இல்லாவிட்டால் சீவல் பிளேடில் ஒட்டிச் சுருண்டுகொள்ளும், காற்றும் உள்ளே புகுந்துவிடும். பிளேடை ஆட்காட்டி விரலின் மேல் படுக்கையாகச் சாய்த்து வையுங்கள், விரல்தான் அதற்கு மேடை. பிளேடின் ஒரு முனையில் தண்டைத் தொட ஆரம்பித்து, குறுக்குச் சாய்வாக உங்களை நோக்கி இழுத்து, மறுமுனையில் முடியுங்கள். கூரின் முழு நீளமும் தண்டின் மேல் ஓடவேண்டும். அழுத்தம் கிட்டத்தட்ட இல்லை. வயலின்காரர் வில்லை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள், அந்த மாதிரி ஒரே இழுப்பு. நடுவில் நிறுத்தி மறுபடி தொடங்கினால் அந்த இடத்தில் ஒரு படிக்கட்டு விழும். ரம்பம் போல முன்னும் பின்னும் அறுக்கவும் கூடாது.

முதல் இழுப்பு தலையைச் சமன் செய்வதற்கு மட்டும், அதை எறிந்துவிடுங்கள். அப்புறம் நிறுத்தாமல் பதினைந்து இருபது எடுங்கள். ஒவ்வொன்றையும் நல்லதா கெட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தால் கையின் தாளம் போய்விடும். பிளேடின் மேல் தண்ணீரில் நாலைந்து சேர்ந்ததும் பிரஷால் வாட்ச் கிளாஸில் கழுவி விடுங்கள். ஃபோர்செப்ஸால் எடுக்காதீர்கள், மெல்லிய சீவல் அதில் நசுங்கிவிடும். வட்டம் முழுதாக வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேன். வேண்டுமென்றே கொஞ்சம் சாய்த்து இழுத்தால், ஒரு ஓரம் தடித்து மறு ஓரம் ஒன்றுமில்லாமல் கரைகிற ஆப்பு போன்ற துண்டு வரும். அந்தக் கரைகிற ஓரத்தில் ஒரே ஒரு அடுக்கு செல் கிடைக்கும். வரைவதற்கு அதுதான் தங்கம்.

தேர்ந்தெடுக்க, வாட்ச் கிளாஸுக்கு அடியில் கறுப்புத் தாள் வையுங்கள். தடித்தது பச்சையாக, பளிச்சென்று தெரியும். மெல்லியது தண்ணீரோடு தண்ணீராக, தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மெல்லியது மிதக்கும், தடித்தது மூழ்கும் என்று சொல்வார்கள். பெரும்பாலும் சரிதான், ஆனால் ஆகாயத்தாமரைக் காம்பு போலக் காற்று நிறைந்த திசு எவ்வளவு தடித்தாலும் மிதக்கும், அதனால் கண்ணையே நம்புங்கள். சந்தேகமாக இருந்தால் நாலைந்தைச் சாயம் ஏற்றாமலே ஒரு ஸ்லைடில் போட்டு, சின்ன லென்ஸில் ஒரு பார்வை பார்த்துவிடலாம். நல்லதென்று தோன்றும் மூன்று நான்கு போதும், மற்றவை போகட்டும். இருபது எடுத்து மூன்று தேறினால் அது தோல்வி இல்லை, பல வருடம் பழகியவர்களுக்கும் கணக்கு அப்படித்தான்.

அடுத்தது சாயம். சாஃப்ரனின் கரைசல் இரண்டு மூன்று சொட்டைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து, அதில் செக்‌ஷனை ஒன்றிரண்டு நிமிடம் போட்டு எடுத்து, வேறு வாட்ச் கிளாஸில் சுத்தத் தண்ணீரில் அலசுங்கள். தண்ணீரில் சிவப்பு இறங்குவது நிற்கும்வரை அலச வேண்டும். லிக்னின் என்ற கட்டைப்பொருள் ஏறிய சுவர்கள், அதாவது தண்ணீர் கடத்தும் சைலமும் தண்டைத் தாங்கும் திசுவான ஸ்கிளிரன்கைமாவும், சாயத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நல்ல சிவப்பாக நிற்கும். மெல்லிய சுவருள்ள சாதாரணத் திசுவான பாரன்கைமா வெளிறிய இளஞ்சிவப்புக்கு இறங்கிவிடும். இந்த வித்தியாசம்தான் நமக்கு வேண்டியது. எல்லாம் ஒரே சிவப்பாக இருந்தால் சாயம் அதிகம். 70 சதவீத ஆல்கஹாலில் ஒரு துளி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்து, அதில் சில நொடி முக்கி எடுத்துத் தண்ணீரில் அலசினால் தேவையில்லாத சிவப்பு இறங்கிவிடும். நிறைய பேர் அடர்த்தியாகச் சாயம் ஏற்றுவதுதான் நல்லது என்று நினைக்கிறார்கள், அது தப்பு. லேசாக ஏற்றிய ஸ்லைடில் தெரிகிற நுணுக்கம் அடர்த்தியான ஸ்லைடில் ஒருபோதும் தெரியாது.

டொலுயிடின் புளூ கிடைத்தால் ஒரு முறையாவது முயன்று பாருங்கள். 0.05 சதவீதக் கரைசலில் அரை நிமிடம், அலசல், தண்ணீரிலேயே பார்ப்பது. ஒரே சாயம்தான், ஆனால் லிக்னின் ஏறிய சுவர் நீலப்பச்சையாகவும், லிக்னின் இல்லாத பெக்டின் மிகுந்த சுவர் செவ்வூதாவாகவும் மாறி நிற்கும். 1964இல் ஓ'பிரையன், ஃபெடர், மெக்கல்லி என்ற மூவர் இதைத் தாவரத் திசுக்களுக்கு முறையாக எழுதிவைத்தார்கள். அதிலிருந்து கையால் வெட்டுபவர்களுக்கு இது பெரிய வரம். கிளிசரினில் வைத்தால் நிறம் கசிந்துவிடும், அதனால் அன்றே பார்த்துப் படம் எடுத்துவிட வேண்டும்.

ஸ்லைடில் ஏற்றும்போது நடுவில் ஒரு சொட்டு கிளிசரின், பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்ததாக இருந்தால் நல்லது. செக்‌ஷனைப் பிரஷால் அதில் இறக்கி, கவர் ஸ்லிப்பின் ஒரு விளிம்பைச் சொட்டின் ஓரத்தில் தொடவைத்து, மறு விளிம்பை நீடிலால் தாங்கிக்கொண்டு மெதுவாகச் சாய்த்து இறக்குங்கள். பொத்தென்று போட்டால் காற்றுக்குமிழி நிச்சயம். வெளியே வழிவதை ப்ளாட்டிங் பேப்பரால் ஒற்றியெடுங்கள், தேய்க்க வேண்டாம்.

காற்றுக்குமிழியைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைச் செல் என்று நினைத்து மெனக்கெட்டு வரைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கச்சிதமான வட்டம், தடித்த கறுப்பு விளிம்பு, நடுவில் பளீரென்ற வெளிச்சம், அப்படி இருந்தால் அது காற்று. செல் எதுவும் அவ்வளவு கச்சிதமான வட்டமாக இருக்காது. கவர் ஸ்லிப்புக்கு அடியில் இருக்கும் குமிழியை மறுபடி ஏற்றிச் சரிசெய்யலாம். திசுவுக்குள்ளேயே சிக்கிய காற்று வேறு வகை. அதற்கு ஒரு சுலபமான வழி உண்டு: ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீரோடு செக்‌ஷன்களைப் போட்டு, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, முனையை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனைப் பின்னால் இழுத்துப் பிடியுங்கள். திசுவிலிருந்து பொடிப் பொடியாகக் குமிழிகள் கிளம்பும். விட்டு விட்டு நாலைந்து முறை செய்தால் செக்‌ஷன் தெளிந்துவிடும்.

பார்க்கும்போது எப்போதும் 4எக்ஸில் தொடங்கி, நல்ல இடத்தை நடுவுக்குக் கொண்டுவந்து, 10எக்ஸ், அப்புறம் 40எக்ஸ். 40எக்ஸில் பெரிய திருகைத் தொடவே கூடாது, கவர் ஸ்லிப்பும் போகும், லென்ஸும் போகும். அடியில் இருந்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டயஃப்ரமை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். வெளிச்சம் கொட்டினால் தெளிவாகத் தெரியும் என்பது தவறான எண்ணம். சாயம் ஏற்றாத செக்‌ஷனுக்கு டயஃப்ரமைக் கொஞ்சம் மூடினால்தான் சுவர்கள் எழுந்து வரும்.

பார்த்த பிறகு, எங்கே தப்பு நடந்தது என்பதையும் அந்த ஸ்லைடே சொல்லிவிடும். வட்டமாக இருக்க வேண்டிய சைலக் குழாய்கள் முட்டை வடிவில், எல்லாம் ஒரே திசையில் நீண்டிருந்தால் பிளேடு சாய்வாகப் போயிருக்கிறது. ஒவ்வொரு சுவரும் இரட்டையாக, நிழல் விழுந்தது போல இருந்தால் தடிப்பு. புறத்தோல் கழன்று தனியாகச் சுருண்டிருந்தால் பிளேடு மழுங்கிவிட்டது, அல்லது இழுக்காமல் அமுக்கியிருக்கிறீர்கள். நடுப் பித் மட்டும் கிழிந்து ஓட்டையாக இருப்பது கிணற்றடிப்பூண்டில் அடிக்கடி நடக்கும், அதற்காக நல்ல கற்றைகள் உள்ள ஓரத்தை எறிந்துவிடாதீர்கள்.

இலை வெட்டுவதற்குத் தாங்கு வேண்டும், ஏனென்றால் வெறும் இலை பிளேடுக்கு நிற்காது. நடுநரம்போடு சேர்த்து அரை சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு துண்டு நறுக்கி, கேரட் துண்டின் தலையில் ஒரு பிளவு போட்டு, அதில் செருகி, இரண்டையும் சேர்த்துச் சீவ வேண்டும். உருளைக்கிழங்கையும் பயன்படுத்துவார்கள், எனக்கு அது பிடிக்காது. அதிலிருந்து ஸ்டார்ச் மணிகள் கொட்டிச் செக்‌ஷன் முழுவதும் ஒட்டிக்கொள்ளும். பிறகு அயோடின் விட்டால் எது இலையின் ஸ்டார்ச், எது கிழங்கின் ஸ்டார்ச் என்று பிரிக்கவே முடியாது. கேரட்டிலும் ஆரஞ்சுத் துணுக்குகள் வரும், ஆனால் நிறத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். எனக்குப் பிடித்தது நெட்டி, மாட்டுப் பொங்கலுக்கு மாலை கட்டுவார்களே, தஞ்சாவூரில் கோயில் கோபுரம் எல்லாம் செய்வார்களே, அதே நெட்டிதான். வெள்ளையாக, எடையே இல்லாமல் இருக்கும், பிளேடையும் மழுக்காது. பொங்கல் சமயத்தில் ரெண்டு குச்சி வாங்கி வைத்துக்கொண்டால் வருடம் முழுக்க வரும்.

இலையில் முதலில் பார்க்க வேண்டியது அரளி. தடித்த, விறைப்பான இலை, சுலபமாகச் சீவ வரும். மேலே புறத்தோல் ஒரு அடுக்கு இல்லை, பல அடுக்கு. கீழ்ப்பக்கம் குழி குழியாக உள்வாங்கியிருக்கும், அந்தக் குழிக்குள் மயிர்களும் இலைத்துளைகளும் ஒளிந்திருக்கும். வெயிலிலும் வறட்சியிலும் ஈரத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு இலை இப்படியா ஏற்பாடு செய்துகொள்ளும் என்று முதல்முறை பார்க்கும்போது ஆச்சரியமாக இருக்கும். ஆனால் அரளியின் எல்லாப் பாகமும் விஷம், வெட்டி முடித்ததும் கையையும் பிளேடையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், வேலை செய்யும் இடத்தில் தின்பண்டம் எதுவும் வேண்டாம்.

ஆல இலை இன்னொன்று. மேல் புறத்தோலின் பெரிய செல்களில் திராட்சைக் கொத்து தொங்குவது போல ஒரு கட்டி இருக்கும், சிஸ்டோலித் என்பார்கள், பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். இதற்குச் சாயம் இறக்க அமிலம் தொட்டுவிடாதீர்கள், கரைந்துவிடும். வேண்டுமானால் கடைசியில், பார்த்து வரைந்து முடித்த பிறகு, கவர் ஸ்லிப்பின் ஓரத்தில் ஒரு துளி நீர்த்த அமிலம் விட்டு 10எக்ஸில் கவனியுங்கள். கட்டியிலிருந்து குமிழிகள் கிளம்பும், கொத்து மெல்லக் கரைந்து, காம்பு மட்டும் மிஞ்சும். சோடாவில் எலுமிச்சை பிழிந்தால் பொங்குவது போன்ற ஒரு நிகழ்ச்சி ஒரு செல்லுக்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்கலாம். வகுப்பில் யார் செய்தாலும் எல்லோரும் அந்த மைக்ராஸ்கோப்பைச் சுற்றிக் கூடிவிடுவார்கள்.

வேருக்கு அவரை விதையை ஈரத்துணியில் முளைக்கவைத்த நாற்று போதும். நட்சத்திரத்தின் நான்கு முனைகள் போல சைலம் நிற்கும். மக்காச்சோளத் தண்டில் கற்றைகள் எங்கும் சிதறி, ஒவ்வொன்றும் இரண்டு பெரிய கண் வைத்த முகம் போல இருக்கும், ஆனால் தண்டு தடிப்பு என்பதால் முழு வட்டத்துக்கு முயலாமல் நீளவாக்கில் பிளந்து ஒரு கால் பகுதியை மட்டும் சீவுங்கள். ஆகாயத்தாமரைக் காம்பு காற்றறைகளுக்காக. ரியோ என்ற அலங்காரச் செடியின் இலைக்குச் செக்‌ஷனே வேண்டாம். ஊதா நிற அடிப்பக்கத் தோலை உரித்துத் தண்ணீரில் வைத்தாலே இலைத்துளைகளைச் சுற்றியுள்ள பச்சைக் காப்புச் செல்கள் சாயமில்லாமல் தெரியும்.

ரசாயனச் சோதனைகளில் வீட்டில் செய்யக்கூடியது அயோடின். மருந்துக்கடையில் காயத்துக்குக் கிடைக்கும் போவிடோன் அயோடினைத் தண்ணீர் கலந்து வெளிறிய தேநீர் நிறத்துக்குக் கொண்டுவந்தாலே ஸ்டார்ச் நீலக்கறுப்பாக மாறிவிடும். க்யூட்டிக்கிள் என்ற மெழுகுப் படலம், தக்கைச் சுவர், எண்ணெய்த் துளி போன்றவற்றுக்கு சூடான் சாயம், ஆரஞ்சுச் சிவப்பு வரும். லிக்னினுக்கு ஃப்ளோரோகுளுசினாலும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும், செர்ரிச் சிவப்பு அருமையாக வரும், ஆனால் அந்த அமிலப் புகை லென்ஸையே அரித்துவிடும். லேபில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

சித்த மருந்துச் சரக்குகள் படிப்பவர்கள் காய்ந்த பட்டை, வேர்த்துண்டுகளைக் கொண்டுவந்து, பொடிந்துபோகிறதே என்று கேட்பார்கள். காய்ந்ததை அப்படியே வெட்டினால் பொடியத்தான் செய்யும். தண்ணீரில் கொதிக்கவைத்து, அப்புறம் கிளிசரினும் ஆல்கஹாலும் சமமாகக் கலந்ததில் சில நாள் ஊறவிடுங்கள், கட்டைத் தன்மை இறங்கிப் பிளேடுக்கு வழிவிடும். இதற்கு நேர்மாறாக, ரொம்ப மிருதுவான தண்டு நசுங்குகிறது என்றால் 70 சதவீத ஆல்கஹாலில் ஒரு நாள் போட்டுவையுங்கள். திசு இறுகும், பச்சையமும் போய்விடும், சாயம் ஏறுவதும் துல்லியமாக இருக்கும்.

மைக்ரோடோம் என்ற சீவும் கருவியை வைத்து வெட்டுவது வேறு உலகம். எஃப்.ஏ.ஏ. (ஃபார்மலின், அசிட்டிக் அமிலம், ஆல்கஹால்) கரைசலில் நிலைப்படுத்தி, ஆல்கஹாலில் படிப்படியாக நீரை எடுத்து, மெழுகு ஏற்றி, 10 மைக்ரான் அளவில் நாடா நாடாவாகச் சீவ வேண்டும்; ஒரு தொகுதி முடிய நாள் கணக்கில் ஆகும். ஆராய்ச்சிக்குத் தேவை. ஆனால் உயிருள்ள செல்லை அதன் நிறத்தோடும் படிகங்களோடும் பத்து நிமிடத்தில் பார்க்க வேண்டுமானால் பிளேடுதான். மெழுகு முறையில் எண்ணெய்த் துளிகள் கரைந்தே போய்விடும். அதனால் கையால் வெட்டுவது கற்றுக்குட்டிகளின் வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நல்ல ஸ்லைடு அமைந்துவிட்டால் கவர் ஸ்லிப்பின் நான்கு ஓரத்தையும் நகப்பாலிஷால் அடைத்துவிடுங்கள், கிளிசரினில் இருப்பது உலராமல் பல வாரங்கள் தாங்கும். அடைப்பதற்கு முன் ஓரத்தை நன்றாகத் துடைக்க வேண்டும், ஈரமிருந்தால் பாலிஷ் ஒட்டாது. ஒரு ஓரத்தில் செடியின் பெயர், தண்டா இலையா, எந்தச் சாயம், பறித்த இடம், தேதி எல்லாம் எழுதுங்கள். இன்று நன்றாக நினைவிருக்கும், அடுத்த மாதம் இருக்காது. பயன்படுத்திய பிளேடுகளைக் குப்பைக்கூடையில் அப்படியே போடாதீர்கள், குப்பை அள்ளுபவர் கை அதில் போகும். மூடியுள்ள பழைய டப்பா ஒன்றை அதற்கென்றே மேசையோரம் வைத்து, நிறைந்ததும் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, மேலே 'பிளேடு' என்று பெரிதாக எழுதிக் கொடுங்கள்.